அம்பராம்பாளையத்தில் ஒரு ஸ்டூடிபேக்கர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று இரண்டு. காலை முதல் நடையில் மார்க்கெட் ரோட்டில் ஒரு லாம்பி ஸ்கூட்டர். ஓட்டியவர் வெங்காய மூட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, அதன்மேல் தாடையை ஊன்றாத குறையாகப் போனார். மத்தியானம் ஆனைமலையில் ஒரு மெட்டடார் வேன். பாதி துரு, பாதி வேன். வேனை மட்டும் படம் எடுத்தேன். லாம்பிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டார், எனக்குக் கூச்சமாகிவிட்டது.

இந்த நோட்டுப் பழக்கத்துக்கு இது ஒன்பதாவது வருஷம். பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஒரே ரோட்டில் ஒரு நாளைக்குப் பத்து நடை டவுன் பஸ் ஓட்டுகிறவனுக்கு, எதிரே வருகிற வண்டியைப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் சரக்கு. எனக்குப் பழைய வண்டி. வாட்ஸ்அப்பில் 'ரோட்டில் கண்டவை' என்று ஒரு குழு இருக்கிறது, அறுபத்தெட்டுப் பேர். குன்னூரில் அச்சகம் வைத்திருக்கும் ஆல்பர்ட் சார்தான் தலைவர். சட்டதிட்டம் கறாரானது. வண்டி தன் சக்தியில் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கண்காட்சி, கல்யாண ஊர்வலம், ஷெட்டில் நிற்பது எதுவும் கணக்கில் வராது. படத்தோடு நேரம், இடம், எந்தத் திசையில் போனது என்று எழுத வேண்டும். பொய் எழுதினால் கண்டுபிடிக்க வழியே இல்லை, அதனால்தான் இங்கே யாரும் பொய் எழுதுவதில்லை என்பார் ஆல்பர்ட் சார்.

என் கணக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. பஸ் நிற்கும்போது மட்டும்தான் படம் எடுப்பேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 7, சனி

வண்டி ஒன்றுமில்லை. ஆனால் நல்ல சேதி. என் கண்டக்டர் தேவசிகாமணிக்குப் பெண் அமைந்துவிட்டது. முப்பத்து நான்கு வயது. ஒன்பது வருஷமாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். தோட்டம் இல்லை, கவர்மெண்டு வேலை இல்லை, தனியார் பஸ்ஸில் விசில் ஊதுகிறவனுக்கு யார் கொடுப்பார்கள் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். உடுமலைப் பெண், ஜவுளிக் கடையில் வேலை. ஆவணியில் கல்யாணம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் டிக்கெட்டோடு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தான்.

பெண்ணின் அப்பா போன வாரமே நம் பஸ்ஸில் ஏறி, என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, பையன் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். ஆறு வருஷமாக ஒரே பஸ்ஸில் இருக்கிறோம், ஒரு நாள் சில்லறைக்குச் சண்டை போட்டுப் பார்த்ததில்லை, தங்கமான பையன் என்று சொன்னேன். அது அப்படியே உண்மை.

ஜூன் 11, புதன்

குழுவில் ஒரே பரபரப்பு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஸ்டூடிபேக்கர், அந்தக் காலத்து அமெரிக்கக் கார், ஓடுகிறதாம். கிணத்துக்கடவு ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார். போனை எடுப்பதற்குள் போய்விட்டதாம். படம் இல்லாத ஸ்டூடிபேக்கரை யாரும் நம்பவில்லை, கிண்டல்தான் செய்தார்கள். முகப்பின் நடுவில் ஏரோப்ளேன் மூக்கு மாதிரி ஓர் உருண்டை இருக்கும். நான் அந்தக் காரைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

என் ரோடு இது. என் ரோட்டில் ஓடும் வண்டியை வேறு எவனும் முதலில் எடுத்துவிடக் கூடாது.

ஜூன் 12, வியாழன்

ஸ்டூடிபேக்கர் சேம்பியன். ஐம்பது அல்லது ஐம்பத்தொன்று. கிளிப்பச்சை. பழைய மதராஸ் எண். காலை 8.50, அம்பராம்பாளையம் நிறுத்தம், ஆனைமலை நோக்கி. 213.

நிறுத்தத்தில் ஒரு சம்பவம். பின்படியில் இறங்கிய ஒரு பெண் கீழே விழுந்துவிட்டார். பெயர் ருக்குமணி, நார் மில்லில் வேலை செய்பவர், தினமும் வருகிறவர்தான். விசில் கேட்டது, வண்டியை எடுத்தேன். ஜனங்கள் கத்தினார்கள், உடனே நிறுத்திவிட்டேன். வலது கணுக்கால் திரும்பிக் கிடந்ததாம். சிகாமணி அவரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற்றி, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனான். நான் பஸ்ஸில்தான் இருந்தேன். டிரைவர் பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு இறங்க முடியாது.

ஜூன் 13, வெள்ளி

முதலாளி விஸ்வநாதன் எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அந்தம்மாவுக்குக் கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. பிளேட் வைக்க வேண்டும். செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார், போலீசுக்குப் போக வேண்டாம் என்று வெளியூரில் இருக்கும் அந்தம்மாவின் அண்ணனிடம் பேசி முடித்துவிட்டார். இனி யார் மேல் தப்பு என்பதுதான் மிச்சம்.

பஸ் தெரியாதவர்கள் யாரும் இந்த நோட்டைப் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் எடு. பின்படியில் கடைசி ஆள் இறங்கிய பிறகு கண்டக்டர் இரண்டு ஊதுவான். டிரைவர் அதற்கு முன்னால் எடுத்தால் டிரைவர் தப்பு. ஆள் இறங்கும் முன்னால் ஊதியிருந்தால் கண்டக்டர் தப்பு. இதில் மூன்றாவது வழி இல்லை.

"நா ஊதலீங் மொதலாளி," என்றான் சிகாமணி.

முதலாளி என்னைப் பார்த்தார். கேட்டது என்று சொன்னேன்.

பஸ்ஸில் கேமரா இருக்கிறது. நான்கு மாதமாக வேலை செய்யவில்லை. அன்றைக்குப் பின்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடைசியில் முதலாளி என்னைக் காட்டி, நாச்சிமுத்து இருபத்தேழு வருஷமா ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல, அவன் எதுக்குப் பொய் சொல்றான் என்றார். முடிவு சொல்லும் வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று சிகாமணியிடம் சொல்லிவிட்டார்.

சிகாமணி என்னைக் கோபமாகப் பார்ப்பான் என்று நினைத்தேன். அப்படிப் பார்க்கவில்லை. எதையோ எங்கே வைத்தோம் என்று தேடுகிறவன் முகமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

படத்தைக் குழுவில் போட்டேன்.

போடாமல் இருக்க முடியவில்லை. மூன்று நாளாகப் பையில் கிடக்கிறது. ஓர் இலை அசைந்த கலங்கல்கூட இல்லாமல் அப்படியொரு படம் என் கையால் இதுவரை வந்ததில்லை. கீழே இப்படி எழுதினேன்: ஞாயிறு காலை 7.10, மீன்கரை ரோடு, பொள்ளாச்சி நோக்கி, நடைப்பயிற்சியின்போது.

ஒன்பது வருஷத்தில் குழுவில் நான் எழுதிய முதல் பொய். ஒரு வரியில் நான்கு பொய் என்றும் சொல்லலாம், நான் நடைப்பயிற்சியே போவதில்லை.

நாற்பத்தொரு பேர் கைதட்டினார்கள். ஆல்பர்ட் சார் போன் போட்டு, இந்த வருஷத்தின் படம் இதுதான் என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் இப்போது எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது.

என் மனைவி சுலோச்சனா, அந்தம்மா வீட்டுக்கு ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்து வரட்டும் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆல்பர்ட் சார் மறுபடியும் போன். இரண்டு நாளாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். "நாச்சி, காரோட மேல்கூரை முழுசாத் தெரியுதே. மரத்துல ஏறியா எடுத்தீங்க?" என்று சிரித்தார். மனுஷர் அச்சகக்காரர், ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுவார். பாலத்துச் சுவர்மேல் ஏறி நின்று எடுத்தேன் என்றேன். இந்த வயதில் இவ்வளவு ஆர்வமா என்று பாராட்டினார்.

போனை வைத்ததும் சுலோச்சனா, எந்தச் சுவர் என்று கேட்டாள். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் குளிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

புது கண்டக்டர். தேவைக்கு மேல் ஊதுகிறான்.

ஜூன் 24, செவ்வாய்

அன்றைக்கு ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஆயிரம் சத்தம். விசில் கேட்ட மாதிரிதான் இருந்தது. கேட்ட மாதிரி இருந்தது என்று சொல்வதற்கும் கேட்டது என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இருக்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் எழுதாமல் வேறு எங்கே எழுத? பஸ் நின்றுகொண்டிருந்தது. வலது பக்கம் அந்தப் பச்சைக் கார் எங்களைத் தாண்டிப் போனது. முகம் தெரியவில்லை, பின்பக்கம்தான் தெரிந்தது. முகம் இல்லாமல் ஸ்டூடிபேக்கருக்கு என்ன மதிப்பு? முன்னால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்ததால் கார் வேகம் குறைத்தது. ஒரு பத்தடி நகர்ந்தால் பக்கவாட்டில் மூக்கோடு சேர்த்துக் கிடைத்துவிடும் என்று தெரிந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டியரிங். விசில் வந்ததா இல்லையா என்று நான் காதே கொடுக்கவில்லை. அதுதான் நிஜம்.

இன்னொன்று. ஜனங்கள் கத்தி, நான் நிறுத்தி, சிகாமணி அந்தம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினானே, அந்த நேரத்தில் நான் பஸ்ஸிலேயே இருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். இருந்தேன். படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று மூன்றாவது நடையில் பெண்ணின் அப்பா ஏறினார். அதே சீட், எனக்குப் பின்னால். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கும் வரை காத்திருந்துவிட்டு வந்து நின்றார். மரியாதையான மனிதர், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுகிறார்.

"அன்னிக்கு நீங்க சொன்னதத்தானுங்க நம்பி நாங்க பையன் வீட்டுல சாப்புட்டுக் கை நனச்சோம். இப்பயும் நீங்க சொல்றதத்தான் நம்புவேன். பையன் மேல தப்புங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் யார் மேல் தப்பு என்பது.

"எனக்குத் தெரியலீங்க," என்றேன்.

அவர் தலையாட்டினார். கவனமில்லாத ஆளுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நாளைக்கு நாம்தானே அழ வேண்டும், கொஞ்ச நாள் தள்ளிப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொன்னது அதைவிட மோசம். தப்பு என்றாவது சொல்லியிருந்தால் அவர் ஏன், எப்படி என்று கேட்டிருப்பார்.

ஜூன் 30, திங்கள்

வண்டி ஒன்றும் பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்கவில்லை என்று எழுதுவதுதான் சரி.

சுலோச்சனா அந்தம்மா வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஜூலை 2, புதன்

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து முதலாளியிடம் போனேன். வாசல் வரைக்கும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் பாதி விழுந்துவிட்டது. விசிலை நான் சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம், அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் வந்தது. போனைப் பற்றியும் காரைப் பற்றியும் வாயே திறக்கவில்லை.

முதலாளி மேஜையில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். சிகாமணியின் கையெழுத்து. பயணி இறங்கும் முன்பே கவனக்குறைவால் இரட்டை விசில் கொடுத்துவிட்டேன், தவறு என்னுடையது, மன்னிக்கவும். திங்கட்கிழமை அவனே கொண்டுவந்து கொடுத்தானாம். யாரும் கேட்கவில்லையாம்.

"அவனே ஒத்துக்கிட்டான். நீ அவனுக்காக உம்மேல போட்டுக்கப் பாக்கற," என்றார் முதலாளி. "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனசு யாருக்கு வரும் நாச்சிமுத்து."

எழுந்து வந்து தோளில் தட்டினார். ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி வாங்கிவரச் சொன்னார். நான் அந்தக் காப்பியைக் குடித்தேன்.

எதற்காக அவன் எழுதிக் கொடுத்தான் என்று புரியவில்லை. மறுபடி வேலை வேண்டும் என்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தாளில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் சிகாமணி வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என்னை உட்காரச் சொன்னார். அவன் இல்லை, தினமும் காலையில் அம்பராம்பாளையம் போய்விடுகிறான், அந்தப் பொம்பளை வீட்டில் ஆம்பளை ஆள் கிடையாதல்லவா என்றார். வாசலில் இருந்தே திரும்பி அங்கே போனேன். வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். இருபத்து நான்கு நாள் கழித்து வாழைப்பழம்.

ஓட்டு வீடு, ஒரே அறை. ருக்குமணியம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப்போட்ட காலை எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார். சிகாமணி குழாயடியில் இருந்து இரண்டு குடம் தண்ணீரோடு வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "வாங்ணா" என்றான். அக்கா, எங்க டிரைவர் அண்ணன், உங்களைப் பார்க்க வந்திருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னான். இன்றைக்குக் கட்டுப் பிரித்துப் பார்க்கிற நாள், ஆட்டோ வரச் சொல்லியிருக்கிறேன் என்றான்.

அந்தம்மா என்னிடம் கோபமாக ஒன்றும் பேசவில்லை. இந்தத் தம்பி பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறது என்றார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்கு விசில் கேக்கவே இல்லீங்க. அதத்தான் இந்தத் தம்பிகிட்டயும் சொன்னேன். இது கேக்க மாட்டீங்குது. இல்லக்கா, நாந்தான் ஊதிட்டேன்னு ஒரே அழுகை."

நான் சிகாமணியைப் பார்த்தேன். அவன் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான்.

"மொதல்ல ஊதலீன்னுதானுங்ணா நெனச்சேன். அப்பறம் ரோசன பண்ணிப் பாத்தேன். நீங்க கேட்டுச்சுன்னு சொல்றீங்க. நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. அப்ப நாந்தான ஊதியிருக்கோணும். இப்பக் கண்ண மூடுனா நா ஊதுற மாதிரியே தெரியுது."

வேலைக்காக எழுதிக் கொடுத்திருப்பான் என்று நினைத்தேனே. அவன் என்னை நம்பித் தன் வாயையே சந்தேகப்பட்டிருக்கிறான். இருபத்து நான்கு நாளாக இந்தம்மாவின் காலைத் தானே ஒடித்ததாக நினைத்துத் தண்ணீர் சுமந்திருக்கிறான்.

நீ ஊதவில்லை என்றேன். போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். அதில் நாள், நேரம் எல்லாம் இருக்கிறது, ஜூன் 12, 8.50. காரைப் பற்றியும், ஒரு கையில் போன் வைத்திருந்ததையும், குழுவில் பொய்யான நாள் போட்டதையும், பெண்ணின் அப்பாவிடம் தெரியவில்லை என்று சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

சிகாமணி படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். ருக்குமணியம்மா கையை நீட்டிப் போனை வாங்கி அவரும் பார்த்தார். "இந்தக் காருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மொதலாளிக்குப் போன் போடுங்க என்றான் சிகாமணி. ஸ்பீக்கரில் போட்டேன். இந்தத் தடவை எதுவும் விழவில்லை, முழுதாகச் சொன்னேன். முதலாளி, நாளைக்குக் காலையில் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போ, சிகாமணியை வேலைக்கு வரச் சொல் என்றார். பெண்ணின் அப்பாவுக்கும் போட்டேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பையனிடம் நான் பேசுகிறேன், உங்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டார். நியாயம்தான்.

அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். சிகாமணி இன்னொன்று கேட்டான்.

"எடுக்கறப்பக் கண்ணாடில பாத்தீங்களா?"

இடது பக்கக் கண்ணாடியில் பின்படி தெளிவாகத் தெரியும். பார்க்கவில்லை என்று சொன்னால் அதை இரண்டு பேரும் நம்பியிருப்பார்கள். இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை.

"பாத்தேன்," என்றேன். "ஒரு கால் கீழ வெச்சிருந்தாங்க. எறங்கிருவாங்கன்னு நெனச்சேன்."

ருக்குமணியம்மா சேலையை இழுத்துக் கட்டுப்போட்ட காலை மூடினார். வெளியே ஆட்டோ வந்து நின்றது. சிகாமணி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைத் தூக்குவதற்காகக் கட்டிலருகே குனிந்தான்.

"டிரைவரே," என்றான், என்னைப் பார்க்காமல். "அந்தச் சேர எடுத்து ஓரமாப் போடுங்க."

ஆறு வருஷத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டேன்.